எடித் லாஞ்சுக்குப் புது மெத்தை

ஜனவரி 3

எடித் கடலில் இறங்கிய வருசம் எது என்று என் வீட்டுக்காரி கித்தேரி கேட்டாள். எண்ணைச் சொன்னால் எனக்கு மனதில் நிற்காது. நடந்ததைச் சொன்னால் நிற்கும். வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் கிடந்த அமெரிக்கக் கப்பல் ஒன்று, தங்கள் ஜனாதிபதியை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கப்பலுக்கு ஏஜெண்டை ஏற்றிக்கொண்டு போனதுதான் எடித்தின் முதல் ஓட்டம். அதற்கு அடுத்த வருசம் கிறிஸ்துமஸை ஒட்டித் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. "அப்போ அறுபத்திமூணு" என்று கித்தேரி எழுதிக்கொண்டாள்.

இந்த வருசத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவில் நின்றதே, அந்த மழை வடிந்து இரண்டு வாரம் ஆகிறது. தூத்துக்குடியில் கட்டிலுக்கு மேலே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். தோணிப் பட்டறையில் கட்டை மேல் ஏற்றி வைத்திருந்த எடித்துக்குத் தார்ப்பாய் பறந்துபோய், உள்ளே இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர். மெத்தை ஆறும் ஊறி, பூஞ்சை பிடித்து, செத்த ஆடு மாதிரி உப்பிக் கிடக்கின்றன.

கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நின்ற காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய மர லாஞ்சு அது. சுக்கான் பிடித்தது எஸ்தாக்கியாகிய நான். பங்கிராஸ் எஞ்சின் டிரைவர். புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் மேடைக்கே வந்துவிட்ட பிறகு எடித்துக்கு வேலை குறைந்தது. கை மாறி மாறி ஒரு சங்கு வியாபாரியிடம் போனது. அவர் இறந்ததும் அவர் மனைவி, "எலி குட்டி போடுது, நீரே இழுத்துட்டுப் போயிரும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

இந்த டைரி மருமகனுக்குக் கப்பல் ஆபீஸில் கொடுத்தது. சும்மா கிடக்கிற தாளைக் கண்டால் கித்தேரிக்குப் பொறுக்காது. "நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதைத்தான் எழுதுகிறாள் என்று அவள் சொல்கிறாள். பேசுவது மாதிரியே எழுது என்றால், கான்வென்டில் படித்த கை அப்படி எழுதாது என்கிறாள். அடுத்தவர் பேசுவதை மட்டும் பேசினபடி விடுகிறாள்.

ஜனவரி 5

மெத்தைகளைக் கிழித்தேன். உள்ளே தேங்காய் நார், அதற்கு மேல் குதிரைமுடி. வெள்ளைக்காரன் கம்பெனி வைத்த முடி, இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. என் தலையை நினைத்துக்கொண்டேன். இடுக்கில் கிடந்தவை: கொண்டை ஊசிகள், ஒரு ஜெபமாலை மணி, சிலோனின் சதுர அஞ்சு காசு, கட்டிய பல் ஒன்று. அந்தப் பல் யாருடையது என்று எனக்குத் தெரியும். கடல் நோயில் வாந்தி எடுத்த கஸ்டம்ஸ் ஐயாவுடையது. இறங்கும்போது வாயைப் பொத்திக்கொண்டே இறங்கினார்.

ஜனவரி 8

ஆட்டோ சீட் தைக்கிற ஜபருல்லா கடையில் ரெக்சினும் ஸ்பஞ்சும் பார்த்தேன். "கொண்டாந்து போடுங்க பெரியவரே, நானே தச்சுத் தாரேன்" என்றான். லாஞ்சுக்கு வருமுன் தோணியில் பாய்மரத்துப் பாய் தைத்தவன் நான், நானே தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டில் கித்தேரி கேட்டாள்: "தச்சு? யாரு உக்காரப் போறா அதுல?"

திருவிழாச் சமயத்தில் யாராவது கேட்டால் ஓட்டலாம் என்றேன். ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது, அதன் குணம் பங்கிராஸுக்குத்தான் தெரியும், அவன் வந்தால்தான் ஆகும் என்றும் சொன்னேன்.

"முந்தாநாளு அந்த மெக்கானிக் வந்து தண்ணிய வடிச்சுட்டு ஒரு சுத்துல ஸ்டார்ட் பண்ணினானே. டப டபன்னு இங்க வரைக்கும் கேட்டுதே."

டீ இருக்கிறதா என்று கேட்டேன்.

ஜனவரி 9

பங்கிராஸ் வீட்டுக்குப் போனேன். போன வருசம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் சர்க்கரைக்கு அவன் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு உள்ளறைக் கட்டிலை விட்டு அவன் வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்ன வே?" என்றான் சுவரிடம்.

"எடித்து எஞ்சின் பிடிக்க மாட்டேங்கு."

"டீசல் ஊத்தினீரா?"

"ஊத்தினேன்."

"காத்து எடுத்தீரா?"

"எடுத்தேன்."

"அப்போ செத்துட்டு. பொதைச்சிரும்."

"நீரு ஒரு எட்டு வந்து பாரும் வே."

"ஒரு எட்டா? ஒரு கால்காரன்ட்ட வந்து எட்டு கேக்கீரே. ஆஸ்பத்திரில போயி மத்தக் காலைக் கேளும், அது வேணா வரும்."

வெளியே வந்தபோது அவன் மருமகள் சலோமி வாசல் வரை வந்தாள். "மாமா தட்டு பாதியோட திரும்புது மாமா. மாத்திரையத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்காவ. கேட்டா, எதுக்குன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

எஞ்சினைச் சும்மா போட்டால் துருப்பிடிக்கும். அதனால்தான் அவசரப்படுகிறேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும் முன் ஓட்டியாக வேண்டும்.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு கடித்தேன். இனிமேல் கடிக்க மாட்டேன்.

ஜனவரி 23

ரெக்சின் நிறத்துக்கு இரண்டு நாள் சண்டை. பழையது கருஞ்சிவப்பு. அதே வேண்டும் என்றேன். கித்தேரிக்கு ஆகாய நீலம். "கடலும் நீலம், வானமும் நீலம், இதுவும் நீலம்னா உக்காருதவன் எங்க உக்காருவான்?" என்று கேட்டேன். கடைசியில் ஜபருல்லாவிடம் காப்பி நிறம்தான் இருந்தது. இருவருக்கும் தோல்வி. வரும் வழியில் இருவரும் சேர்ந்து அவனைத் திட்டினோம்.

பிப்ரவரி 1

உள்ளங்கைக்குத் தோல்பட்டை மாட்டி, பாய் தைக்கும் ஊசியை எடுத்து எத்தனை காலம்! கண் மறந்தது, கை மறக்கவில்லை. ரெக்சினை மடித்து, மடிப்புக்கு மேல் மடிப்பு வைத்து இரட்டைத் தையல் போட்டேன். ஸ்பஞ்சை பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். தையல் ஓரம் பூராவும், தோணிப் பலகை இடுக்குக்குப் பூசுவது மாதிரி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினேன். இனி அடுத்த வெள்ளம் வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

பட்டறை ஆட்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள். மத்தளம் மாதிரி ஓசை வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 7

ஆறு மெத்தையும் முடிந்தன. பயணிகள் பெஞ்சுக்கு ஐந்து, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் டிரைவர் இருக்கைக்கு ஒன்று. விளிம்புக்குப் பித்தளைக் குமிழாணி. கித்தேரி எட்டிப் பார்த்து, "ஆசுபத்திரி கட்டில் மாதிரி இல்ல, அது வரைக்கும் சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

பிப்ரவரி 10

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றேன். நல்ல நாளை மட்டும் எழுதினால் அது டைரி இல்லை என்கிறாள் கித்தேரி.

ஒரு வாரமாகப் போய்ப் போய் நச்சரித்து, பங்கிராஸை வரச் சம்மதிக்க வைத்திருந்தேன். ஆட்டோவில் வந்தான். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி லாஞ்சுக்குள் இறக்கினார்கள். டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தோம்.

மெத்தை அமுங்கவே இல்லை. வெயிலில் வேறு கிடந்ததா, உள்ளே இருந்த காற்று சூடாகிப் பந்து மாதிரி உப்பியிருந்தது. பங்கிராஸ் கைப்பிடியைத் தேடினான். ஊன்றிக்கொள்ள ஒரு கால்தான் இருந்தது. பந்து மேல் வைத்த சட்டி மாதிரி மெல்ல வலது பக்கம் சாய்ந்து, வழுக்கி, எஞ்சின் பெட்டியில் தோள் இடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். மேலே நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை, வந்துவிட்டது.

"கூத்து காட்டவா வே கூட்டியாந்தீரு?" என்றான் பங்கிராஸ். ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைத் தட்டிவிட்டான்.

பிப்ரவரி 11

கோவிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 13

டிரைவர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஜபருல்லாவிடம் போனேன். அமுக்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

"என்னா பெரியவரே இது? தோணி கட்டியிருக்கீங்களா?"

"தண்ணி இறங்கக் கூடாதுல்லா."

"தண்ணி இறங்கலைன்னா காத்தும் இறங்காதுல்ல? மனுசன் உக்காந்தா மெத்தை மூச்சு விடணும். அடியில ஓட்டை வைக்காம எவனாவது சீட்டு தைப்பானா?"

நான் பிறந்த குலத்தில் எவனும் ஓட்டை வைத்து ஒன்றைச் செய்ததில்லை. ஓட்டையை அடைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை. ஜபருல்லா அடியில் துளை போட்டுப் பித்தளை வளையம் அடித்தான். மெத்தை குங்கிலிய வாடையோடு பெருமூச்சு விட்டது.

மிச்ச ஐந்துக்கும் நானே துளை போட்டேன். கித்தேரியை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். மெத்தை ஒரு சத்தம் போட்டது. அவள் சடக்கென்று எழுந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். இந்த வரியை மறுநாள் காலையில் எழுதுகிறோம்.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். நீ மண்தான் என்று சொல்லி பங்கிராஸுக்கு நெற்றியில் சாம்பல் பூசச் சாமியார் வீட்டுக்கே போனாராம். "என்னை மண்ணுன்னு எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம் சாமி, நல்லாவே தெரியுது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். நேற்று முழுக்க வெறும் காப்பி மட்டும்தான் என்றாள் சலோமி.

எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தேன்.

பிப்ரவரி 20

நான்கு நாளாகப் போகிறேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், நான் அவன் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். இன்று மெத்தை மூச்சு விட்ட கதையைச் சொன்னேன். கித்தேரி எழுந்து சுற்றுமுற்றும் பார்த்ததையும் சொன்னேன். எழுந்து புறப்பட்டேன்.

"ஆறு மெத்தைக்குமா வே குங்கிலியம் பூசினீரு?"

"ஆறுக்கும்தான்."

தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று கிட்டே போய்க் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். பல் அப்படியே இருக்கிறது. பொறாமைதான்.

"அட சவமே," என்றான். "மெத்தைய விடும். மெத்தை நல்லா இருந்தாலும் நான் வழுக்கத்தான் செய்வேன். எடை பூரா இடப்பக்கம் போயிட்டு. படகு ஒரு ஆட்டு ஆட்டினா நான் கடல்ல கிடப்பேன். எனக்கு அந்த இருக்கை ஆகாது."

"இருக்கை உமக்கு ஆகாதுன்னா இருக்கையை மாத்துவோம். அளவு குடும்."

"எதுக்கு அளவு? எதை அளப்பீரு?"

எதை அளப்பேன் என்று சொன்னேன். கித்தேரி அதையும் எழுத மாட்டாளாம்.

பிப்ரவரி 24

மீன் பெட்டி ஒன்றைக் கழுவி, கடற்கரை ஈர மணலை நிரப்பி, சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பங்கிராஸ் வீட்டுக்குப் போனேன். கட்டில் மேல் வைத்து மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினேன். சலோமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

"எங்கப்பன்கூட எனக்கு இப்படி அளவு எடுத்ததில்ல வே" என்று வைதுகொண்டே பங்கிராஸ் என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தான். கண்ணை மூடி, கடலில் இருப்பதாக நினைத்து, இடமும் வலமும் ஆடச் சொன்னேன். ஆடினான். பிறகு மெல்லத் தூக்கிவிட்டேன்.

மணலில் பதிந்திருந்தது. இடது பக்கம் ஆழமான குழி. வலது பக்கம் லேசாக ஒரு தடம், அவ்வளவுதான். தொடை இருந்த இடத்தில் மணல் நான் தட்டியபடியே சமமாக இருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன வே, தேரு பாக்குத மாதிரி பாக்குதீரு?"

"ஒண்ணுமில்ல. மணல் காஞ்சிரும்" என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன்.

வரும் வழியெல்லாம், பெட்டியில் என்ன மீன் என்று கேட்டார்கள். நெய்மீன் என்றேன். வீட்டில் கித்தேரி பெட்டியை வாசல்படி தாண்ட விடவில்லை. "பங்கிராஸ் அண்ணன் வரட்டும், வீடு பூரா உக்காரட்டும். இது வேண்டாம்."

மார்ச் 2

மணல் குழியின் ஆழத்தைக் குச்சி விட்டு விட்டுப் பார்த்து நார் அடைக்கிறேன். இடது பக்கம் குறைவாக, வலது பக்கம் அடித்து இறுக்கி மேடாக. முன் விளிம்பில் ஒரு வரப்பு. வலப்புறம் பக்கப் பலகை ஒன்று, அதற்கும் மெத்தை. பழைய குதிரைமுடியில் கெடாததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து மேல் பரப்பில் வைத்தேன், ஸ்பஞ்சு வழுக்குகிறது. மூன்று தரம் தைத்துப் பிரித்தாகிவிட்டது. என் விரலில் ஊசி ஏறாத இடம் இல்லை. சந்தோசமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

மீன் வாங்கப் போன சலோமி எங்கள் வாசலில் நின்று சொன்னாள்: "மாமா ரெண்டு தரம் கேட்டுட்டாவ, எஸ்தாக்கி தச்சு முடிச்சானான்னு. நேத்து தட்டக் காலி பண்ணிட்டு ரசம் கேட்டாவ."

எஞ்சின் விசயமாகக் கேட்டிருப்பான் என்றேன். கித்தேரி என்னைப் பார்த்தாள். பிறகு இதை எழுதினாள்.

மார்ச் 17

பங்கிராஸ் வந்தான். ஒரு நிபந்தனை: வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது. மதியம் பட்டறை ஆட்கள் சாப்பிட்டுப் படுத்த நேரம் பார்த்து, அவன் மகன் முதுகில் சுமந்து கொண்டுவந்தான்.

உட்கார்ந்தான். மெத்தை சத்தமில்லாமல் மூச்சு விட்டது. இடது பக்கம் இறங்கி நின்றது, வலது பக்கம் அவனைத் தாங்கிக்கொண்டது. கையைத் தூக்கிவிட்டு ஆடிப் பார்த்தான். முன்னே குனிந்து பார்த்தான். விழவில்லை.

"இடுப்புக்குப் பின்னால இன்னொரு கை நார் வையும்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. பிறகு எஞ்சின் பெட்டியைத் திறந்தான். விரலால் தடவி, விரலைப் பார்த்தான்.

"இதுக்கு ஒரு கேடும் இல்லையே வே. யாரு துடைச்சது?"

"மழையில கழுவியிருக்கும்."

"மழை கழுவிட்டு, துணிய வச்சுத் துடைச்சு, எண்ணெயும் விட்டுட்டுப் போச்சோ?"

நான் குமிழாணி ஒன்று தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கைப்பிடியை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினான். பிடித்துக்கொண்டது. தூங்கிக்கொண்டிருந்த பட்டறை முழுவதும் எழுந்துவிட்டது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். பங்கிராஸ் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 31

ஈஸ்டர். இங்கிருந்து பங்கிராஸ் வீட்டுக்குக் கோழிக் குழம்பு போனது. அங்கிருந்தும் கோழிக் குழம்பு வந்தது. அவர்களுடையதில் உப்பு சரியாக இருந்தது என்று சொன்னேன். மத்தியானம் எனக்கு யாரும் பரிமாறவில்லை.

ஏப்ரல் 6

இன்று லாஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறாள். எழுத்து கோணினால் கடலைத்தான் சொல்ல வேண்டும்.

காலையில் உருளைக் கட்டை போட்டு எடித்தை இறக்கினோம். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கிறது. சலோமிக்குப் பயம், பட்டறை ஆட்களை ஒரு வள்ளத்தில் பின்னாலேயே வரச் சொல்லியிருக்கிறாள். லாஞ்சுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். நான் சுக்கானில். பங்கிராஸ் அவன் இருக்கையில், குறுக்கே பாய்த்துணிப் பட்டை கட்டி. கித்தேரி பயணிகள் பெஞ்சில், ஏஜெண்டுகள் உட்கார்ந்த இடத்தில், மடியில் டைரியோடு.

மணிக் கயிற்றை ஒரு தரம் இழுத்தேன், முன்னால் போ என்று. எஞ்சின் கேட்டது. பழைய ஜெட்டியைத் தாண்டும்போது எதிரே வந்த விசைப்படகின் அலை எங்களை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பங்கிராஸ் அசையவில்லை. "நேராப் பாத்து ஓட்டும் வே, நான் எங்கயும் போகல" என்றான்.

முன்பு கப்பல்கள் நிற்கும் இடம் வரை போய் எஞ்சினை மெதுவாக்கினோம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். திரும்பலாமா என்றேன்.

"எப்படித் திரும்ப? பேரு கூப்பிடாமயா?"

அது எங்கள் லாஞ்சின் வழக்கம். கப்பலை விட்டு விலகுமுன், லாஞ்சுக்குத் தலைவரான லாசர் தண்டல் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். ஆள் இருந்தால் "உண்டு" என்று சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு தரம் கயிறு பிடிக்கிற கலாசி சீமோன் கப்பல் சமையல்கட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்துவிட்டு, கொழும்பு வரை போய்த் திரும்பினான். அதிலிருந்து வந்த வழக்கம்.

"தண்டல் இல்லாட்டி சுக்கானிதான் கூப்பிடணும்" என்றான் பங்கிராஸ்.

கூப்பிட்டேன். "லாசர் தண்டல்!"

"போயாச்சு" என்றான் பங்கிராஸ் பின்னாலிருந்து. "மஞ்சக்காமாலை."

"செங்கோல்!"

"போயாச்சு. பாம்பன்ல, மக வீட்டுல."

"சீமோன்!"

"போயாச்சு. தூக்கத்துல. அவனுக்கு எல்லாமே சுளுவு."

என் பெயரை நானே கூப்பிட்டு நானே "உண்டு" சொன்னேன். பிறகு, "பங்கிராஸ்!" என்றேன்.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. இன்னொரு தரம், முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"உண்டு வே, உண்டு!" தொண்டையைச் செருமினான். "கத்தாதீரும். கால்தான் போச்சு, காது இருக்கு."

மணியை இழுத்தேன். லாஞ்சு கரைப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்போது கித்தேரி பேனாவை டைரிக்குள் வைத்து மூடினாள்.

"நானும்தான இருக்கேன். என் பேரு எங்க?"

எடித்தில் பெண்பிள்ளை பெயரை எந்தத் தண்டலும் கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றேன்.

"பேரு கூப்பிடாத ஆளு கப்பல்லயே நின்னுரும்னு இப்பத்தான சொன்னிய? நான் இங்க நின்னுட்டா சாயங்காலம் சோறு யாரு பொங்குவா?"

"கூப்பிடும் வே," என்றான் பங்கிராஸ். "மதினிய விட்டுட்டுப் போனா சலோமிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவள் மறுபடி டைரியைத் திறந்து, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, லாசர் தண்டல் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, மிச்சமிருந்த ஒரே பெயரைத் தொண்டையைத் திறந்து கூப்பிட்டேன்:

"கித்தேரியம்மாள்!"